ஆயிரம் ரூவா தாள்ல 510510னு நம்பர், இதுல அப்புடி என்ன இருக்கு?

நோர்வூட்_அக்கா:

வணக்கம் எல்லாருக்கும். இது கணக்கு கேள்வியா வீட்டு சண்டையான்னு எனக்கே வெளங்கல, ரெண்டும்னு வச்சிக்கோங்க. பத்தாந்தேதி எங்க அப்பாயிக்கு சம்பளம் போட்டாங்க, அதுல ஒரு ஆயிரம் ரூவா தாள எடுத்து தம்பிகிட்ட குடுத்து இந்த மாசத்து கிளாஸ் காச கட்டிருடான்னாங்க. அவன் ஒம்பதாம் ஆண்டு. அவனுக்கு ஒரு பழக்கம், எந்த நம்பர கண்டாலும் ஒடைச்சே ஆகணும். பஸ் டிக்கட், கரன்ட் பில்லு, கேஸ் சிலிண்டர்ல அடிச்சிருக்குற நம்பர் ஒண்ணையும் விட மாட்டான், ஹட்டன்ல பஸ் ஏறினா வீடு வர்றதுக்குள்ள டிக்கட்டு பின்பக்கம் பூரா பேனா கிறுக்கல்தான்.

அந்த தாள்ல முன்னாடி இருக்குற எழுத்து கிழுத்தெல்லாம் விட்டுட்டு பாத்தா கடைசி ஆறு இலக்கம் 510510. தேயிலத் தோட்டத்து லயத்து (வரிசை வீட்டு) வாசப்படியில ஒக்காந்து 2ல வகுத்தான் 255255, 3ல வகுத்தான் 85085, 5ல வகுத்தா 17017, 7ல 2431, 11ல 221, அதையும் 13ல வகுத்தா மிஞ்சினது 17. அத்தோட முடிஞ்சிருச்சி. 2, 3, 5, 7, 11, 13, 17 மொத ஏழு முதன்மை எண்ணும் (1ஐயும் தன்னையும் விட்டா வேற எதாலயும் வகுபடாத எண்) வரிசையா, ஒண்ணும் விட்டுப்போகாம, எதுவும் ரெண்டு தரம் வராம. அதுல இருந்து பையன் ஒரு மாதிரியாத்தான் திரியிறான், தாள குடுக்க மாட்டேன்னு பொஸ்தகத்துக்குள்ள வச்சி பூட்டிட்டான். கிளாஸ் காசுக்கு வேற தாள் குடுங்கன்னு கேக்குறான். அப்பாயி என்னடான்னா "நான் அட்டக்கடி வாங்கி சம்பாரிச்சா இவன் அதுக்கு மால போட்டு வச்சிருக்கான்"னு கத்துறாங்க.

எனக்கு ரெண்டு விசயம் தெரியணும். இது உண்மையிலயே விசேஷமான நம்பரா இல்லாட்டி எந்த நம்பர நோண்டினாலும் இப்புடி ஏதாவது ஒண்ணு வருமா? அடுத்தது, கிளாஸ் சேர் சொன்னாராம் மொத மொதல்ல வர்ற முதன்மை எண்கள பெருக்கி 1 கூட்டினா வர்றது எப்பவும் முதன்மை எண்தான்னு. அப்ப 510511 முதன்மை எண்ணா? நான் ஏ லெவலுக்கு பயோ செஞ்சவ, கணக்கோட உறவு ஓ லெவலோட அறுந்து போச்சி, அதனால கொஞ்சம் மெதுவா சொல்லுங்க.

ஸ்டோர்_ராசா:

தங்கச்சி, மொதல்ல தம்பிக்கு ஒரு சபாஷ் சொல்லிருங்க. ஒம்பதாம் ஆண்டுல நாங்கல்லாம் தாள கண்டா நம்பர பாக்க மாட்டோம், நேரா ரோல்ஸ் கடைதான்.

இதுல பாதி வேலைய கண்ணால பாத்தே முடிச்சிரலாம். 510 510ன்னு ஒரே மூணு இலக்கம் ரெண்டு தரம் வருதுல்ல, அப்புடி வர்ற எந்த நம்பரும் 1001ஆல வகுபடும். 510ஐ 1001ஆல பெருக்கிப் பாருங்க, 510 ஆயிரமும் ஒரு 510உம், அவ்வளவுதான். 1001ங்கிறது 7 × 11 × 13. அதனால 246246, 873873 எத வேணும்னாலும் எடுங்க, 7லயும் 11லயும் 13லயும் பிசிறில்லாம போகும். நான் தேயில ஸ்டோர்ல புது பொடியன்கள இத வச்சித்தான் ஏமாத்துறது, ஒரு மூணு இலக்கம் நெனச்சிக்க, அதையே பக்கத்துல திருப்பி எழுது, 7ல வகு 11ல வகு 13ல வகு, வர்ற விடை நீ நெனச்ச நம்பர்தானேன்னு கேட்டா மூஞ்சி போற போக்க பாக்கணும். டீ டைம்ல நல்லா ஓடும்.

அப்ப மிச்சம் இருக்குறது 510 மட்டும். அது 2 × 3 × 5 × 17. உங்க தம்பிக்கு கெடச்ச அதிர்ஷ்டம் எங்க இருக்குன்னா 1001 குடுத்த 7, 11, 13 கூட அதுக்கு முன்னாடி உள்ள 2, 3, 5உம் பின்னாடி உள்ள 17உம் அச்சா வந்து ஒட்டிக்கிச்சி பாருங்க, அதுதான்.

மத்தப்படி அந்த ஆயிரம் ரூவா தாள்ல ரம்பொட சுரங்கத்து படம் இருக்கும், நம்ம ஊரு ரோட்டு படம், அதுக்காகவே வச்சிக்கிட்டாலும் தப்பில்ல. ஆயிரம் ரூவா நாள் சம்பளத்துக்கு எத்தன வருசம் கொடி புடிச்சோம்னு அப்பாயிக்கு தெரியும், அவங்க கத்துறதும் ஞாயம்தான்.

மெத்ஸ்_புலி_99:

சிம்பிள். 510510 வந்து 1ல இருந்து 17 வரைக்கும் எல்லா நம்பராலயும் வகுபடுற சின்ன நம்பர், அதுதான் அதோட விசேஷம். அப்புறம் 510511 முதன்மை எண்தான், டவுட்டே இல்ல, இது யூக்ளிட் நிறுவினது. எல்லா முதன்மை எண்ணையும் பெருக்கி 1 கூட்டினா எதாலயும் வகுபடாது. சேர் சொன்னது சரி. தம்பிய நம்பி தாள வச்சிக்கோங்க, நம்பர் ரிப்பீட் ஆகுற தாளுக்கு சேகரிக்கிறவங்க நல்ல காசு குடுப்பாங்க.

பதுளை_கணக்கு:

புலி தம்பி, கோவிச்சிக்காதீங்க, மூணு வரியில ரெண்டு பிழை. காசு விசயம் எனக்கு தெரியாது, அத விட்டுர்றேன்.

நான் முப்பது வருசத்துக்கு மேல கணக்கு படிப்பிச்சி பென்சன் வாங்கின ஆளு, இந்த ரெண்டு பிழையும் ஒவ்வொரு வருசமும் பேப்பர் திருத்தும்போது வரும், அதனால புதுசா ஒண்ணும் இல்ல.

மொத பிழை. 510510ஐ 4ஆல வகுத்துப் பாருங்க. போகாது. கடைசி ரெண்டு இலக்கம் 10, பத்து நாலால போகுமா? 8, 9, 12, 16 எதாலயும் போகாது. ஏன்னா உள்ள 2 ஒரே ஒரு தரம்தான் இருக்கு, 3உம் ஒரே தரம்தான். 1ல இருந்து 17 வரைக்கும் எல்லாத்தாலயும் வகுபடுற ஆகச் சின்ன நம்பர், அதான் பொ.ம.சி, வேணும்னா 2ஐ நாலு தரம் போடணும், 3ஐ ரெண்டு தரம் போடணும், அப்ப அது 12252240, ஒரு கோடியே இருவத்திரெண்டு லெச்சத்து சொச்சம். 510510 அதுல இருவத்தி நாலுல ஒரு பங்குதான். இதோட பெருமை வேற. ஏழு வேற வேற முதன்மைக் காரணி உள்ள நம்பர்கள்ல ஆகச் சின்னது இது. ஒண்ணுல இருந்து 510509 வரைக்கும் எத எடுத்தாலும் ஆறு வக முதன்மை எண்ணுக்கு மேல உள்ளுக்கு இருக்காது. எதையாவது மாத்தி பெரிய முதன்மை எண்ண போட்டா நம்பரும் பெருசாயிரும், அதனாலதான்.

இப்ப யூக்ளிட். அந்தாளு கிறிஸ்துவுக்கு முன்னாடி 300 வாக்குல சொன்னத நம்ம டியூசன் நோட்டுல சுருக்கி சுருக்கி கடைசியில வேற ஒண்ணாக்கிட்டாங்க. தங்கச்சி பயோன்னு சொன்னீங்க, தேயில கொழுந்து கணக்குலயே சொல்றேன். 510510 கிலோ கொழுந்து இருக்குன்னு வைங்க. அத ரெண்டு கிலோ பையில கட்டினாலும் மிச்சமில்ல, மூணு கிலோ பையில கட்டினாலும் மிச்சமில்ல, அப்புடியே 5, 7, 11, 13, 17 கிலோ பை எதுல கட்டினாலும் ஒரு கிள்ளு மிச்சம் இருக்காது. இப்ப யாரோ ஒருத்தி கடைசி நேரத்துல ஒரு கிலோ கொண்டாந்து கொட்டிட்டா. 510511 கிலோ. இனிமே அந்த ஏழு பையில எத எடுத்தாலும் கடைசியில ஒரு கிலோ தரையில கெடக்கும். ஆக 510511ஐ அந்த ஏழு எண்ணும் வகுக்காது, இது நிச்சயம். ஆனா 19 கிலோ பை? 23 கிலோ பை? அத பத்தி நம்ம ஒண்ணுமே சொல்லலையே! யூக்ளிட் சொன்னது இதுதான், ஒங்க கையில இருக்குற பைகளுக்கு வெளியில வேற ஒரு பை கட்டாயம் இருக்கு. அந்த பை 510511ஏவா இருக்கலாம், அதவிட சின்னதாவும் இருக்கலாம். முதன்மை எண்கள் முடியாதுன்னு நிறுவ அது போதும், அதுக்கு மேல அவரு கேக்கவும் இல்ல.

சேர் மேல முழுசா குத்தம் சொல்லவும் ஏலாது. 2+1=3, 6+1=7, 30+1=31, 210+1=211, 2310+1=2311. அஞ்சும் முதன்மை எண்தான். அஞ்சு தரம் ஒழுங்கா வந்த ஆளு ஆறாந்தரமும் வருவான்னு நம்புறது மனுச புத்தி. ஆறாவதுல கவுத்துருச்சி, 30031 = 59 × 509.

510511 என்னாகுதுன்னு நான் சொல்ல மாட்டேன். தம்பிய வகுக்க சொல்லுங்க. 17க்கு அடுத்த முதன்மை எண் எதுவோ அதுல இருந்து தொடங்கட்டும், ரொம்ப தூரம் போக வேண்டி வராது.

நோர்வூட்_அக்கா:

சேர், சரியான நன்றி. அந்த கொழுந்து பை கணக்கு அப்பாயிக்கே வெளங்கிருச்சி. "ஒரு கிலோ கூட கொண்டாந்தவள ஏன் திட்டுறாரு, ஒரு கிலோ கொறஞ்சா அரப்பேருன்னு பாதி சம்பளம் போடுவானுங்களே அத கேக்க சொல்லு"ங்கிறாங்க.

தம்பிகிட்ட போன குடுத்து வாசிக்க சொன்னேன். மூஞ்சி சுருங்கி போச்சி, கிளாஸ் சேர் பிழையா சொல்லிட்டாருன்னு அவனால தாங்க முடியல. அப்புறம் கலண்டர்ல போன மாசத்து தாள கிழிச்சி பின்பக்கம் ஒக்காந்தான். 510511ஐ 19ல வகுத்தா 26869. மொத அடியிலயே போயிருச்சி! அப்புறம் 26869ஐ எதுல வகுக்குறதுன்னு 19, 23, 29, 31ன்னு போயி போயி, இடையில கரன்ட் வேற போயி, மெழுகுத்திரி வெளிச்சத்துல 97ல நின்னுச்சி. 97 × 277. ஆக 510511 = 19 × 97 × 277. கால்குலேட்டர்ல நான் ரெண்டு தரம் பெருக்கி பாத்துட்டேன், சரி.

இப்ப தம்பி கேக்குற கேள்வி, 1 கூட்டாம 1 கழிச்சா?

பதுளை_கணக்கு:

சபாஷ். 1 கழிச்சாலும் அதே கததான், பை ஏழும் ஒதவாது. 510509 = 61 × 8369. 8369க்கு மேல ஒடையாது. 61 வரைக்கும் வர தம்பிக்கு இன்னொரு கலண்டர் தாள் வேணும்.

ராகலை_ஜாவா:

நான் கொழும்புல சாப்ட்வேர் வேல, ஊரு ராகலை. இந்த நம்பர பத்தி யாரும் சொல்லாத ஒரு கத இருக்கு, நீங்கல்லாம் எப்புடி விட்டீங்கன்னு ஆச்சரியமா இருக்கு.

510510க்கு வர்க்கமூலம் போட்டா 714.5 கிட்ட வரும். இப்ப 714ஐயும் 715ஐயும் பெருக்குங்க. அச்சா 510510. பக்கத்து பக்கத்துல நிக்கிற ரெண்டு நம்பர் மொத ஏழு முதன்மை எண்ணையும் தங்களுக்குள்ள பிரிச்சி எடுத்துக்கிச்சி, 714 = 2 × 3 × 7 × 17, 715 = 5 × 11 × 13. அண்ணன் தம்பி சொத்து பிரிச்ச மாதிரி, ஒண்ணும் மிச்சமில்ல ஒண்ணும் சண்டையில்ல. அதுவும் சரிசமமான பங்கு, எப்புடின்னா 2+3+7+17 கூட்டுங்க 29 வரும், 5+11+13 கூட்டுங்க அதுவும் 29!

இது எப்ப வெளிய வந்துச்சின்னா 1974ல. அமெரிக்காவுல பேஸ்போல் ஆடுறாங்கள்ல, அதுல பந்த மைதானத்துக்கு வெளிய அடிச்சா ஹோம் ரன், நம்ம சிக்ஸர் மாதிரி. பேப் ரூத்னு ஒருத்தரு 714 ஹோம் ரன் அடிச்சி வச்சது ரொம்ப வருசமா யாரும் தொடாத ரெக்கோர்ட். 1974 ஏப்ரல் 8ஆந்தேதி ஹேங்க் ஏரன் 715ஆவது அடிச்சாரு. கறுப்பினத்து ஆளு, ரெக்கோர்ட கிட்ட நெருங்க நெருங்க அவருக்கு கொலை மிரட்டல் கடிதமெல்லாம் வந்துச்சி, அதையும் தாங்கிட்டுத்தான் அடிச்சாரு. ஊரே 714, 715ன்னு பேசிக்கிட்டு இருந்தப்ப ஜோர்ஜியாவுல இருந்த கார்ல் பொமரன்ஸ்னு ஒரு கணக்கு ஆளு இந்த ரெண்டையும் பெருக்கி பாத்து மொத ஏழு முதன்மை எண்ணோட பெருக்கம் வர்றத கண்டாரு, கூட்டுத்தொக சமமா வர்றத கண்டுபுடிச்சது அவரு கூட வேல செஞ்ச ஒருத்தரோட மாணவன். அதுல இருந்து முதன்மைக் காரணிகளோட கூட்டுத்தொக சமமா வர்ற பக்கத்து பக்கத்து நம்பர்களுக்கு ரூத்-ஏரன் சோடின்னே பேரு. 5உம் 6உம் ஒரு சோடி (5, 2+3), 77உம் 78உம் ஒரு சோடி (7+11, 2+3+13). கேக்க வெளையாட்டா இருக்கும், ஆனா இந்த சோடிகள் மேல போகப் போக அரிதாகிரும்னு நிறுவினது பால் எர்டோஷ், ஒலகம் பூரா ஒரு பெட்டியோட அலைஞ்ச அதே ஹங்கேரி கணித மேதை. அவரும் பொமரன்ஸும் சேந்து வேல செய்ய தொடங்கினதே இந்த சோடியாலதான்.

மொத முதன்மை எண்கள வரிசையா பெருக்கி வர்ற நம்பர் இப்புடி ரெண்டு அடுத்தடுத்த நம்பரோட பெருக்கமா வர்றது 2 (1×2), 6 (2×3), 30 (5×6), 210 (14×15), அப்புறம் 510510. இடையில வர்ற 2310உம் 30030உம் அப்புடி வராது. 510510க்கு மேல இன்னிக்கி வரைக்கும் ஒண்ணுகூட அகப்படல, இதுதான் கடைசின்னு பொமரன்ஸ் ஆக்கள் ஊகம் சொல்லி வச்சிருக்காங்க. உங்க தம்பி கையில இருக்குறது கடைசி வாரிசு மாதிரி.

இன்னும் ஒண்ணு சொல்லிட்டு போறேன், ஆபீஸ்ல மேனேஜர் பின்னாடி நிக்கிறாரு. ஃபிபொனாச்சி வரிசை 1, 1, 2, 3, 5, 8, 13, 21, 34, 55ன்னு போகும்ல, அதுல கடைசி நாலையும் பெருக்குங்க, 13 × 21 × 34 × 55. போட்டு பாருங்க.

ஸ்டோர்_ராசா:

போட்டேன். 13 × 21 = 273, 34 × 55 = 1870, பெருக்கினா 510510. அடேய்!! பைனஸ் காய்ல சுருளு எண்ணினா 8, 13ன்னு வரும்னு எங்க சயன்ஸ் டீச்சர் எண்ணிக் காட்டினாங்க, அந்த வரிசைதானே இது.

சும்மா_ஒருத்தன்:

எல்லாரும் ஆளுக்கு ஆளு சாமியாடுறீங்க. நான் ஒரு கேள்வி கேக்குறேன், அந்த அக்கா மொதல்ல கேட்டாங்களே எந்த நம்பர நோண்டினாலும் ஏதாவது வருமான்னு, அதுக்கு யாரும் பதில் சொல்லல. நான் சொல்றேன், வரும். எந்த நம்பர குடுத்தாலும் ராகலை அண்ணன் மாதிரி ஒரு ஆளு வந்து அதுல ஒரு கத எடுப்பாரு. காரணி நெறைய இருக்குறதுதான் பெருசுன்னா 510510 அப்புடி ஒண்ணும் பெரிய ஆளு கெடையாது, அதுக்கு மொத்தம் 128 காரணிதான். அதவிட சின்ன நம்பர் 498960, அதுக்கு 200 காரணி இருக்கு. அந்த நம்பர் உள்ள தாள் யாருகிட்டயாவது இருந்தா ஒரு பய கண்டுக்கிட்டு இருக்க மாட்டான், பாவம் ஏதோ ஒரு கடையில கல்லாவுல கெடந்து அழுக்காகிக்கிட்டு இருக்கும்.

பதுளை_கணக்கு:

சும்மா தம்பி, ஒங்க கணக்கு சரி. 498960 = 2இன் நாலாம் அடுக்கு × 3இன் நாலாம் அடுக்கு × 5 × 7 × 11, அடுக்கோட ஒண்ண கூட்டி பெருக்கினா 5 × 5 × 2 × 2 × 2 = 200. 510510ல ஏழு காரணியும் ஒத்த ஒத்தையா இருக்குறதால 2ஐ ஏழு தரம் பெருக்கினா 128, அதுவும் சரி.

ஆனா எல்லா நம்பரும் ஒண்ணுதான்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். கத கட்டுறது வேற, காரணத்தோட வர்றது வேற. 714 × 715 நல்ல கததான், ரசிச்சேன், ஃபிபொனாச்சியும் அப்புடித்தான், ஆனா ரெண்டும் தற்செயல்னுதான் எனக்கு படுது. 2310க்கும் 30030க்கும் அந்த கத இல்லையே. மொத ஏழு முதன்மை எண்ணோட பெருக்கம்ங்கிறதுல இருந்து கட்டாயமா பொறக்குற குணங்கள் இருக்கு பாருங்க, அதுதான் சரக்கு.

ஒண்ணு மட்டும் காட்டுறேன். 510510க்கு கிட்ட முதன்மை எண் எங்க இருக்குன்னு தேடுங்க. 510512 ரெட்ட, 510513 மூணால போகும், 510515 அஞ்சால போகும், 510517 ஏழால போகும். ஏன் போகுது? 510510ஏ ஏழால போகுறப்ப அதோட 7 கூட்டினாலும் போகத்தானே செய்யும். 2ல இருந்து 18 வரைக்கும் எந்த எண்ண எடுத்தாலும் அதுல அந்த ஏழு முதன்மை எண்ல ஒண்ணாவது உள்ள இருக்கும், ஆக 510510 கூட அதுல எத கூட்டினாலும் எத கழிச்சாலும் வர்றது சேர்த்தி எண்தான், அதாவது ஒடைக்கக்கூடிய எண். 1 கூட்டினதையும் 1 கழிச்சதையும் தம்பியும் நானும் ஒடைச்சாச்சி. இன்னும் கீழ போங்க, 19 கழிச்சா 510491, அது 41 × 12451. 23 கழிச்சா 510487, அது 29 × 17603. நடுவுல உள்ளதெல்லாம் 2, 3, 5, 7னு ஏதாவது ஒண்ணுல மாட்டிக்கும். கூட்டிப் பாத்தா 510482ல இருந்து 510528 வரைக்கும் வரிசையா 47 நம்பர், அதுல ஒண்ணுகூட முதன்மை எண் இல்ல. பெரட்டு களத்துல ஆளே வராத நாள் மாதிரி பேர் கூப்புட கூப்புட ஆமாங்கிறதுக்கு ஒருத்தரும் இல்ல. 510529லதான் மொத ஆளு கைய தூக்குது.

அது 510510 + 19. இந்த 19க்கும் ஒரு பேரு இருக்கு, ஃபார்ச்சூன் எண். நியூசிலாந்துல பொறந்த ரியோ ஃபார்ச்சூன்னு ஒருத்தரு, அவரு கணக்கு ஆளே இல்ல, மானிடவியல் ஆளு, நியூகினி பக்கம் போயி அங்கத்து சனத்தோட இருந்து ஆராய்ச்சி செஞ்சவரு. அவரு சொன்னாரு, மொத முதன்மை எண்கள பெருக்கி வர்ற நம்பர்ல இருந்து, 1 கூட்டுறத விட்டுட்டு அதுக்கு மேல வர்ற அடுத்த முதன்மை எண்ணுக்கு எவ்வளவு தூரம்னு அளந்தா அந்த தூரமும் எப்பவும் ஒரு முதன்மை எண்தான்னு. 6ல இருந்து 11க்கு 5, 30ல இருந்து 37க்கு 7, 210ல இருந்து 223க்கு 13, 30030ல இருந்து 30047க்கு 17, இதுல 19. இன்னும் யாராலயும் நிறுவவும் ஏலல, பிழைன்னு காட்டவும் ஏலல. அஞ்சு தரம் பாத்துட்டு அடிச்சி சொன்ன டியூசன் சேர் மாதிரி இல்ல, இத ரொம்ப தூரம் சோதிச்சி பாத்தவங்களே இன்னும் ஊகம்னுதான் சொல்றாங்க.

மெத்ஸ்_புலி_99:

சேர் நான் பிழைய ஒத்துக்கிறேன். எனக்கும் அதே மாதிரிதான் படிப்பிச்சாங்க, நோட்டுல கட்டம் போட்டு வேற எழுதி வச்சிருக்கேன். ஒரு சந்தேகம், எங்க மாமா பொடியன் தமிழ்நாட்டுல படிக்கிறான், அவன் பொஸ்தகத்துல முதன்மை எண்ணுன்னு ஒண்ணையும் காணோம், பகா எண்ணுன்னு போட்டிருக்கு. ரெண்டும் ஒண்ணுதானே?

பதுளை_கணக்கு:

ஒண்ணுதான். பகா எண்ணுன்னா பகுக்க ஏலாத எண். எனக்கு கேட்டா அதுதான் நல்ல சொல்லு, சொல்லும்போதே வேல வெளங்கிருது. நம்ம பொஸ்தகம் முதன்மைன்னு போட்டதால 1 ஏன் முதன்மை எண் இல்லன்னு ஒவ்வொரு வருசமும் ஒரு பிள்ள எந்திரிச்சி கேக்கும்.

நோர்வூட்_அக்கா:

எல்லாருக்கும் நன்றி, ஆனா ஒரு கெட்ட செய்தி. சொல்லவே கஷ்டமா இருக்கு.

தாள் போயிருச்சி. இன்னிக்கி காலையில தம்பி ஸ்கூல் போனதுக்கு அப்புறம் சூன் பாண் ஆட்டோ, பாட்டு போட்டுக்கிட்டு பாண் விக்கிற வண்டி, வந்திருக்கு, அந்த பாட்டு கேட்டா எங்க லயத்துல எல்லாரும் வாசலுக்கு வந்துருவாங்க. அப்பாயி கையில சில்லற இல்லன்னு தம்பி பொஸ்தகத்துல இருந்து அந்த தாள எடுத்து நீட்டிட்டாங்க, ரெண்டு றாத்தல் பாணும் நாலு பனிசும் வாங்கியாச்சி. பூட்டி வச்ச பெட்டிக்கு சாவி எங்க இருக்குன்னு அவங்களுக்கு தெரியாதா, அவங்க வாங்கிக் குடுத்த பெட்டிதானே. மத்தியானம் தம்பி வந்து பொஸ்தகத்த தொறந்து பாத்துட்டு ஒரு வார்த்த பேசல. சத்தம் போட்டு அழுதிருந்தாக்கூட பரவாயில்ல. நேரா ரோட்டுக்கு ஓடினான், ஆட்டோ அதுக்குள்ள பொகவந்தலாவ பக்கம் எறங்கிருச்சின்னு கீழ் லயத்துல சொல்லிருக்காங்க.

அப்பாயிக்கு இப்ப ஒரு மாதிரியா போச்சி. நேத்து ராத்திரி நீங்க எழுதினத நான் வாசிச்சி காட்டினப்ப நல்லா சிரிச்சி கேட்டவங்கதான், அந்த தாளும் இதுவும் ஒண்ணுன்னு காலையில கை பரபரப்புல நெனப்பு வரலையாம். கிளாஸ் காசுக்குன்னு முந்தானையில முடிஞ்சி வச்சிருந்த வேற காச எடுத்து குடுத்துட்டாங்க. அதோட பாண்காரன் குடுத்த மிச்ச காசு எல்லாத்தையும் தம்பி முன்னாடி பரப்பி வச்சி "இதுலயும் நம்பர் இருக்குதானே, பாரு"ன்னாங்க.

அவன் ரொம்ப நேரம் தொடவே இல்ல. பனிச மட்டும் தின்னான். இப்பதான் ஒரு நூறு ரூவா தாள எடுத்துக்கிட்டு போயி கலண்டர் தாள்ல ஒக்காந்திருக்கான், நம்பர் 730481. 2, 3, 5 இல்லன்னு பாத்ததும் சொல்லிட்டான், 7ல 3 மிச்சம், 11, 13, 17, 19 எதுலயும் போகல, 23ல ஒண்ணே ஒண்ணு மிச்சமாம். பசிக்குதுன்னு கூட சொல்லல, முதன்மை எண்ணா இருக்குமோன்னு என்கிட்ட கேக்குறான், எனக்கு எப்புடி தெரியும்.

பதுளை_கணக்கு:

இன்னும் ஒரே ஒரு அடி வைக்க சொல்லுங்க.